கம்பெனி டாக்டர் யாருடைய டாக்டர்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க. அவர்கள் இரண்டு பேரும் நம் பக்கம் நிற்பவர்கள் என்பதுதான் காரணம். அவர்களிடம் மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

சரி, எதிர்க்கட்சியோட வக்கீல்கிட்ட போய் யாராவது மனசைத் திறந்து பேசுவாங்களா? மாட்டோம். ஆனால் டாக்டர் விஷயத்தில் இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நம்ம டாக்டர்னு நினைச்சுக்கறோம்.

ஒரு தொழிற்சாலையில் மெஷினில் கை மாட்டிக்கொள்கிறது. சூப்பர்வைசரே வண்டியில் ஏற்றி, கம்பெனி வழக்கமாக அனுப்பும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார். பில் கம்பெனிக்குப் போகும். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்று சொல்வதா, "நான்தாங்க கவனிக்கல" என்று சொல்வதா? அந்தத் தொழிலாளி என்ன சொல்கிறாரோ அதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். நாளைக்கு நஷ்டஈடு என்று போனால் அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் எடுத்துப் படிப்பார்கள்.

இன்றைக்குப் பேசப் போவது இதைப் பற்றித்தான். கம்பெனி சம்பளம் கொடுக்கும் டாக்டர், கம்பெனியில் அடிபட்ட தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்கும்போது யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? அந்த டாக்டரைத் தொழிலாளி நம்பலாமா? நடந்த வரலாற்றை வைத்தே பார்ப்போம்.

ஒரே கோட்டு, மூன்று வேலைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பெனி டாக்டர் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள்.

முதல் வேலை, வைத்தியம். அடிபட்டவருக்குக் கட்டுப் போடுவது, மருந்து எழுதுவது. இங்கே எதிரில் இருப்பவர் நோயாளி.

இரண்டாவது, தகுதி பார்ப்பது. இவர் இந்த வேலைக்குச் சேரலாமா, காயம் ஆறித் திரும்ப வரலாமா என்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுப்பது. இந்தக் கேள்வியைக் கேட்பது கம்பெனி.

மூன்றாவது, வழக்குக்காகப் பரிசோதிப்பது. இந்த நோய் வேலையால் வந்ததா, உடல் எத்தனை சதவீதம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கருத்துச் சொல்வது. இங்கே எதிரில் இருப்பவர் நோயாளியே கிடையாது. ஒரு வழக்கின் ஒரு தரப்பு.

மூன்றுமே தேவையான வேலைகள்தான். ஒரே ஆள் மூன்றையும் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது. காலையில் நோயாளியாகப் பேசியவர் சொன்னதை, மாலையில் கம்பெனிக்கான அறிக்கையில் எழுதலாமா? இதைத்தான் மருத்துவ அறத்தில் இரட்டை விசுவாசம் என்கிறார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்கள் நாம். உப்புப் போடுவது கம்பெனி. உயிரை நம்பி ஒப்படைப்பது தொழிலாளி. நடுவில் டாக்டர்.

ஒரே பெண்கள், மூன்று பரிசோதகர்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், ஆரஞ்ச் என்ற ஊர். 1917 வாக்கில் அங்கே ஒரு தொழிற்சாலை. பின்னாளில் அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளில் இளம் பெண்கள் எண்களை எழுதினார்கள். பெயின்ட்டில் ரேடியம் கலந்திருக்கும். தூரிகையின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால் அதை உதட்டில் வைத்துச் சுழற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போகும்.

ரேடியம் உடலுக்குள் போனால் கால்சியம் மாதிரி நடந்துகொள்ளும். நேராக எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே இருந்தபடியே கதிர்வீச்சை வெளியிடும். பெண்களுக்குப் பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, ரத்தசோகை வந்தது. 1922-ல் மாலி மாஜியா என்ற பெண் இறந்தார். மரணச் சான்றிதழில் எழுதிய காரணம் சிபிலிஸ், அதாவது பால்வினை நோய். 1927-ல் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். எலும்புகளில் ரேடியம் இருந்தது, சிபிலிஸுக்கான தடயம் இல்லை.

இந்தப் பெண்களை மூன்று தரப்பு நிபுணர்கள் பரிசோதித்தார்கள். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

ஒருவர் ஃபிரெடெரிக் ஃபிளின். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், கம்பெனியிடம் பணம் வாங்கி ஆய்வு செய்தவர். கிரேஸ் ஃபிரையர் என்ற தொழிலாளியைப் பரிசோதித்துவிட்டு, உன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்ற பொருள்பட ஆறுதல் சொன்னார். இதில் இரண்டு விஷயங்கள். அவர் கம்பெனிக்காக வேலை செய்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அதைவிட, அவர் மருத்துவரே கிடையாது. உடலியங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

இரண்டாமவர் ஹார்வர்டின் செசில் டிரிங்கர். இவரையும் கம்பெனிதான் அழைத்தது. 1924-ல் தன் குழுவோடு தொழிற்சாலைக்கு வந்தார். இருட்டறையில் நிற்க வைத்தால் பெண்களின் முகம், தலைமுடி, துணிமணி எல்லாம் ஒளிர்ந்தன. ரத்தப் பரிசோதனைகள் சரியாக இல்லை. ரேடியம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நேர்மையாக எழுதிக் கொடுத்தார். கம்பெனி என்ன செய்தது? வெளியிடக் கூடாது என்று தடுத்தது. மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போன தகவலில், எல்லாப் பெண்களும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக மாற்றியிருந்தார்கள். ஹார்வர்டில் டிரிங்கரோடு வேலை பார்த்த ஆலிஸ் ஹாமில்டனுக்கு இது தெரிய வந்தது. அவரும் நுகர்வோர் சங்கத்தின் காதரின் வைலியும் விஷயத்தை வெளியே இழுத்தார்கள். அதன் பிறகுதான், 1925-ல், மிரட்டலையும் மீறி டிரிங்கர் உண்மையான அறிக்கையை வெளியிட்டார்.

மூன்றாமவர் ஹாரிசன் மார்ட்லண்ட். எஸெக்ஸ் மாவட்டத்தின் அரசு மருத்துவப் பரிசோதகர். சம்பளம் அரசாங்கத்திடமிருந்து. அவர் பெண்களின் மூச்சிலும் எலும்பிலும் கதிரியக்கத்தை அளந்து, 1925-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்.

டிரிங்கர் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்க. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். ஆனாலும் ஒரு வருஷம் அந்த உண்மை யாருக்கும் உதவவில்லை. ஏன் என்றால் அறிக்கை அவர் கையில் இல்லை, பணம் கொடுத்தவர்கள் கையில் இருந்தது. டாக்டர் நல்லவரா என்று கேட்பதோடு நிறுத்த முடியாது. அவர் எழுதும் காகிதம் யாருடைய பீரோவில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

1928-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வழக்குப் போட்ட 5 பெண்களுக்கும் ஆளுக்கு 10,000 டாலர், வருஷத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து பார்க்க 3 டாக்டர்கள் கொண்ட குழு. ஒருவரைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும், ஒருவரைப் பெண்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றாமவரை இரண்டு தரப்பும் சேர்ந்து. ஒரு பக்கத்து டாக்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று அதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

தெரிந்தும் சொல்லாத டாக்டர்

அடுத்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜான்ஸ்-மேன்வில் கம்பெனியின் சுரங்கமும் ஆலையும் இருந்தன. அங்கே டாக்டராக இருந்தவர் கென்னத் ஸ்மித். 1949-ல் அவர் 708 தொழிலாளர்களின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைப் பார்த்து அறிக்கை தயாரித்தார். 7 பேரின் நுரையீரலில் கல்நார் நோய் தொடங்கியிருந்தது. இன்னும் மூச்சுத் திணறல் வரவில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்மித் கம்பெனிக்கு எழுதிய கருத்தின் சாரம் இது: இந்த நோய் குணமாகாது, தொடர்ந்து மோசமாகும். ஆனால் ஆள் நன்றாக இருக்கும்வரை அவரிடம் சொல்ல வேண்டாம். நிம்மதியாக வாழட்டும். அவருடைய அனுபவமும் கம்பெனிக்குப் பயன்படும்.

கேட்டா இரக்கம் மாதிரி இருக்கும். நம்ம ஊர்லயும் பெரிய வியாதி வந்தா, "அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்"னு குடும்பம் கெஞ்சறதைப் பார்த்திருக்கோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த 7 பேரும் மறுநாள் காலையில் அதே தூசிக்குள் போய் நிற்கப் போகிறவர்கள். சொல்லியிருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம், வேலையை விட்டிருக்கலாம், நஷ்டஈடு கேட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டது அவர்களுடைய முடிவைப் பிடுங்கிக்கொண்டது மாதிரி. அதில் லாபம் யாருக்கு என்று பார்த்தால், இரக்கத்தின் நிறம் மாறிவிடுகிறது.

பிறகு ஸ்மித் அந்தக் கம்பெனியின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். பொருட்களின் மேல் எச்சரிக்கை வாசகம் ஒட்ட வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் தானே கேட்டதாகவும், வியாபாரம் பாதிக்கும் என்று மறுத்துவிட்டதாகவும் 1976-ல் சாட்சியம் சொன்னார். எச்சரிக்கை வந்தது 1964-ல். 1982-ல், வழக்குகளின் பாரம் தாங்காமல் கம்பெனி திவால் பாதுகாப்புக்குப் போனது.

ஸ்மித் உள்ளே இருந்துகொண்டே மாற்றப் பார்த்தவர் என்றும் சொல்லலாம். ஆனால் மேலதிகாரி மறுத்த பிறகு தொழிலாளியிடம் போய்ச் சொல்ல அவருக்கு வழி இருந்ததா? அப்படிச் சொன்னால் வேலை இருக்குமா? நல்ல மனசு மட்டும் போதாது. வேலையைப் பறிகொடுக்காமல் உண்மை பேச ஒரு ஏற்பாடு வேண்டும்.

எக்ஸ்ரேயில் தெரியாத நோய்

இவையெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் மாறியிருக்கும் என்று தோன்றலாம். இது 2013-ல் வெளிவந்தது.

நிலக்கரிச் சுரங்கத் தூசியால் வருவது கருநுரையீரல் நோய். அமெரிக்காவில் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. நோயின் முற்றிய வடிவம் இருப்பது உறுதியானால், தொழிலாளி முழுமையாக முடங்கிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும், உதவித்தொகை கிடைக்கும். அதனால் எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்று படித்துச் சொல்லும் டாக்டரின் வார்த்தைக்கு அவ்வளவு எடை.

கம்பெனிகள் தரப்பில் எக்ஸ்ரேக்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போயின. உலகப் புகழ் பெற்ற இடம். அந்தப் பிரிவின் தலைவர் டாக்டர் பால் வீலர். பொது நலனுக்கான புலனாய்வு இதழியல் அமைப்பு ஒன்றும் ஏபிசி தொலைக்காட்சியும் சேர்ந்து பழைய வழக்குக் கோப்புகளைப் புரட்டின. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு வீலர் கருத்துச் சொன்ன 1,500-க்கும் மேற்பட்ட வழக்குகளில், ஒன்றில்கூட அவர் முற்றிய நோயைக் காணவில்லை. அவற்றில் 100-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிற்பாடு திசுப் பரிசோதனையிலோ பிரேதப் பரிசோதனையிலோ நோய் இருந்தது உறுதியானது. செய்தி வந்த சில நாட்களிலேயே மருத்துவமனை அந்தப் பணியை நிறுத்தி வைத்தது. 2015-ல் முழுவதுமாக மூடியது.

வீலர் தரப்பு வாதத்தையும் சொல்லிடறேன். எக்ஸ்ரேயில் தெரிவது காசநோயாகவோ வேறு தொற்றாகவோ இருக்கலாம், திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்பது அவர் நிலை. தனக்குச் சரி என்று பட்டதையே சொன்னதாகச் சொன்னார். அவர் மனசில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அதைவிடச் சங்கடமான ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு டாக்டர் பொய்யே சொல்லாமல் இருந்தாலும், எப்போதும் "இல்லை" என்று சொல்லும் டாக்டரைத்தான் கம்பெனியின் வக்கீல்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். "ஆமாம்" என்று சொல்கிறவருக்கு அடுத்த தடவை எக்ஸ்ரே வராது. யாரையும் மிரட்டவே வேண்டாம். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை போதும்.

தையலா, பிளாஸ்திரியா?

இதுவரை பார்த்தவை பெரிய நோய்கள். தினசரி நடப்பது இதைவிடச் சின்னது, அதனாலேயே கண்ணில் படாதது.

அமெரிக்காவில் வேலையிடக் காயங்களைக் கம்பெனி ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் முதலுதவியோடு முடிந்தால் எழுத வேண்டாம், மருத்துவச் சிகிச்சை என்றால் எழுத வேண்டும். எது முதலுதவி என்று விதியே பட்டியல் போடுகிறது. வெட்டுக்காயத்தைப் பிளாஸ்திரிப் பட்டையால் இழுத்து ஒட்டினால் முதலுதவி. அதே காயத்துக்குத் தையல் போட்டால் சிகிச்சை. கடையில் கிடைக்கும் 200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் இரண்டு மாத்திரை என்றால் முதலுதவி. 600 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தால் சிகிச்சை.

இப்ப யோசிச்சுப் பாருங்க. 'விபத்தில்லா 200 நாட்கள்' என்று வாசலில் போர்டு இருக்கிறது. போனஸ் அதைப் பொறுத்தது. அடுத்த டெண்டர் அதைப் பொறுத்தது. கம்பெனி ஆள் டாக்டரிடம், "தையல் கட்டாயம் வேணுமா சார், ஒட்டினால் போதாதா?" என்று கேட்கிறார். மருத்துவக் கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் அது கணக்குக் கேள்வி.

2009-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, தொழில்சார் மருத்துவப் பணியாளர்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், காயத்தைச் சிறிதாகக் காட்டுவதற்காகப் போதுமான சிகிச்சை தராமல் விடும்படி தங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள். இப்படிக் கேட்பவர்களில் தொழிலாளர்களும் உண்டு என்பதுதான் வேதனை. காயத்தைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்ற பயம்.

நம் நாட்டில் இதற்கு இணையான கோடு 48 மணி நேரம். அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், விபத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட விதி இது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. இப்படி ஒரு கோடு இருந்தால் என்ன ஆசை வரும்? கட்டுப் போட்ட கையோடு ஆளை மறுநாளே வரவழைத்து, "லைட் டியூட்டி, சும்மா உட்காரு" என்று அட்டெண்டன்ஸ் போட்டுவிடலாம். அதற்கு ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுபவர் டாக்டர்.

விதிகள் யார் பக்கம்?

காகிதத்தில் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டு 161-வது உடன்படிக்கை, தொழில்சார் மருத்துவர்கள் முதலாளியிடமிருந்தும் தொழிலாளிகளிடமிருந்தும் முழுச் சுதந்திரத்தோடு இயங்க வேண்டும் என்கிறது. தொழிலாளி லீவு போட்டது நிஜ நோய்க்காகத்தானா என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை டாக்டரிடம் தரக் கூடாது என்றும் சொல்கிறது. தொழில்சார் மருத்துவர்களின் சர்வதேச அறநெறிக் கோட்பாடு இன்னொன்றைச் சேர்க்கிறது. கம்பெனிக்குத் தெரிய வேண்டியது, இவர் இந்த வேலையைச் செய்யலாமா, என்ன கட்டுப்பாடு என்பது மட்டும்தான். என்ன நோய் என்பது இல்லை. "6 வாரம் எடை தூக்கக் கூடாது" என்று எழுதலாம். முதுகு எக்ஸ்ரேயை எச்.ஆர். மேஜைக்கு அனுப்பக் கூடாது.

நம் 1948 சட்டத்திலும் நல்ல ஏற்பாடுகள் இருந்தன. தொழிற்சாலையில் பங்கோ ஆதாயமோ உள்ளவர் அதன் சான்றளிக்கும் மருத்துவராக இருக்க முடியாது என்று அது சொன்னது. ஈய நச்சு, சிலிக்கோசிஸ், கல்நார் நோய் மாதிரி அட்டவணையில் உள்ள நோய் ஒரு தொழிலாளிக்கு இருப்பதாகத் தோன்றினால், பார்க்கும் டாக்டர் தாமதமில்லாமல் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். கம்பெனி டாக்டர் மட்டும் இல்லை, எந்த டாக்டராக இருந்தாலும். அபாயகரமான தொழில்களில் மருத்துவப் பதிவேடுகளைத் தொழிலாளி பார்க்க உரிமை உண்டு.

இதில் ஈ.எஸ்.ஐ.-க்கு ஒரு தனி இடம். அங்கே டாக்டருக்குச் சம்பளம் தருவது உங்கள் கம்பெனி இல்லை. சம்பளத்தில் 3.25 சதவீதம் முதலாளியும் 0.75 சதவீதம் தொழிலாளியும் கட்டும் பொது நிதி. வரிசை நீளம், மருந்து இல்லை என்று குறை சொல்கிறோம், அது தனி விஷயம். ஆனால் அந்த டாக்டருக்கு உங்கள் மேனேஜரைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வதும் மருத்துவக் குழு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

இங்கதான் ஒரு பொறி இருக்கு. விபத்து நடந்ததும், "ஈ.எஸ்.ஐ.க்கு ஏன் அலையறே, தனியார்ல காட்டு, நாங்க பாத்துக்கறோம்"னு கம்பெனி சொல்லும். நல்ல மனசாகக்கூட இருக்கலாம். ஆனால் விபத்து அறிக்கை போகவில்லை என்றால் விபத்தே நடக்கவில்லை என்று ஆகிவிடும். காயம் ஆறிவிடும். இரண்டு வருஷம் கழித்து விரல் மடங்கவில்லை என்று ஊன உதவித்தொகை கேட்டால், ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். வேலை போன பிறகு "நாங்க பாத்துக்கறோம்" சொன்னவரைத் தேடிப் போக முடியாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இத்தனை கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டாக்டரை நம்பலாமா என்பதற்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் தேட வேண்டாம். நான்கு கேள்விகள் போதும்.

யார் பணம் கொடுக்கிறார்கள்? யார் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவர் அறிக்கை யாருக்குப் போகிறது? பதிவேடு யார் கையில் இருக்கிறது?

நான்குக்கும் பதில் கம்பெனி என்றால், அந்த டாக்டர் தங்கமானவராக இருந்தாலும் இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது. ஃபிளின் விஷயத்தில் நான்கும் கம்பெனி. டிரிங்கர் விஷயத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால்தான் அவருடைய நேர்மைக்கு ஒரு வருஷம் பிடித்தது. மார்ட்லண்ட் விஷயத்தில் ஒன்றுகூட கம்பெனி இல்லை.

தொழிலாளிகளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். டாக்டர் அறைக்குள் நீங்கள் மட்டும் போகலாம். "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று கேட்பதில் தவறில்லை. முதல் கேள்வியாக, "நீங்க எனக்கு வைத்தியம் பாக்கறீங்களா, இல்ல கம்பெனிக்கு ரிப்போர்ட் குடுக்கப் பாக்கறீங்களா?" என்று கேளுங்க. நஷ்டஈடு கேட்டால் தன் செலவில் உங்களைப் பரிசோதிக்கும் உரிமை முதலாளிக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. மறுக்காதீங்க, மறுத்தால் உரிமை தடைபடும். ஆனால் அது வைத்தியம் இல்லை என்று தெரிந்து போங்க. விபத்து எப்படி நடந்தது என்பதை முதல் நாளே, முதல் சீட்டிலேயே உள்ளபடி எழுத வையுங்க. உங்கள் பதிவுகளின் நகலைக் கேளுங்க. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கதைகளைக் கேட்டு உங்களை எல்லாம் வில்லனாக்குவது நோக்கமில்லை. ஒரு சின்ன ஊரில் கிளினிக் நடத்துபவருக்கு இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தம் போனால் வாடகை கட்டுவதே கஷ்டம். அந்த நெருக்கடி நிஜம். ஆனால் சில காரியங்களுக்குத் துணிச்சல்கூட வேண்டாம், பழக்கம் போதும். சூப்பர்வைசரை வெளியே உட்காரச் சொல்லலாம். நான் இன்றைக்கு எந்த வேலைக்காக உங்களைப் பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லலாம். வைத்தியம் பார்ப்பவரும் சான்றிதழ் கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்படி ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். அறிக்கையின் ஒரு நகல் தொழிலாளிக்குப் போகும் என்று அதிலேயே எழுதிக்கொள்ளலாம். பிறகு யாராவது வந்து "கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்று கேட்டால், ஒப்பந்தத்தைக் காட்டிவிடலாம்.

இது கம்பெனிக்கும் நல்லதுதான். டாக்டரை நம்பாத தொழிலாளி இருமலை மறைப்பார், வலியை மறைப்பார், கழற்றி வைத்த மூடியைப் பற்றிச் சொல்ல மாட்டார். அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் இன்னொருவர் நிற்பார். ஜான்ஸ்-மேன்வில் அந்த 7 பேரிடம் சொல்லி, தூசியை அடக்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவையும், பிற்பாடு கம்பெனியே திவாலுக்குப் போன கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்க.

1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, நோயாளியிடம் டாக்டர்கள் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? தொழில்சார் மருத்துவமே அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. இன்றைக்குத் தொழிலாளி திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியும் கிட்டத்தட்ட அதுவேதான்: டாக்டர், நீங்க யாருக்கு வேலை செய்யறீங்க? அதைக் கேட்கும்போது கோபப்படாமல் பதில் சொல்கிற டாக்டரிடம் மற்றதையும் தைரியமாகச் சொல்லலாம்.

இந்த எபிசோடை ஷிப்டுக்குப் போகும் யாராவது ஒருவருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.